ஐந்து நிறங்களில் ஓர் அட்டவணை: ஃபேன்டஸி பிரீமியர் லீகின் ஆட்டக் கடின மதிப்பீடு குறித்து

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத நடுவில், இங்கிலாந்தில் காலை ஒன்பது மணியாகவும் நமக்குப் பிற்பகல் ஒன்றரையாகவும் இருக்கும் நேரத்தில், அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீகின் புதிய சீசனுக்கான ஆட்ட அட்டவணை வெளியாகிறது. வெளியான அரை மணி நேரத்துக்குள் இருபது அணிகளின் ரசிகர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நம் அணிக்கு இந்த முறை அட்டவணை கடினமா, எளிதா? அதற்கு விடை தரும் சேவைகள் பல உண்டு. அவற்றுள் மிக அதிகம் பேர் பார்ப்பது, உண்மையான வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் ஆட்டமாக ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விளையாடும் ஃபேன்டஸி பிரீமியர் லீக் தளம் இலவசமாகத் தரும் ஆட்டக் கடின மதிப்பீடு, எஃப்.டி.ஆர். என்று சுருக்கமாக எல்லோரும் சொல்வது. பல சீசன்களாக அதைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், அது எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன். அணித் தேர்வில் இந்த மதிப்பீட்டை மட்டுமே நம்பிப் புள்ளிகளை இழப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

அமைப்பு எளிது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண் உண்டு; 1 என்றால் மிக எளிது, 5 என்றால் மிகக் கடினம். எண்ணுக்கு ஏற்பக் கரும்பச்சை, பச்சை, சாம்பல், சிவப்பு, கருஞ்சிவப்பு என்று கட்டத்தின் நிறம் மாறும். நடைமுறையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் 2 முதல் 5 வரையிலான எண்களே. ஒரே எதிரணி நம் மைதானத்துக்கு வரும்போது ஓர் எண்ணையும், நாம் அதன் மைதானத்துக்குப் போகும்போது வேறோர் எண்ணையும் பெறக்கூடும். இந்த எண்களை எடுத்து, அணிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகவும் வாரங்களைப் பக்கவாட்டிலும் அடுக்கினால், எந்த அணிக்கு எந்த மாதத்தில் பச்சை தொடர்கிறது, எங்கே சிவப்பு குவிகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கால்பந்து பற்றி அதிகம் தெரியாதவர்கூட இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதே இதன் முதல் பலம்.

குறைகளுக்குப் போவதற்கு முன் ஓர் அடிப்படை உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். பிரீமியர் லீகில் ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளையும் தலா இரண்டு முறை, சொந்த மைதானத்தில் ஒருமுறையும் வெளியே ஒருமுறையுமாக, மொத்தம் 38 ஆட்டங்களில் சந்திக்கிறது. எனவே சீசன் முழுவதையும் கணக்கிட்டால் எல்லா அணிகளுக்கும் அட்டவணை ஏறத்தாழ ஒன்றேதான். தன்னைத் தானே எதிர்த்து ஆட முடியாது என்பது ஒன்றே வேறுபாடு. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். போட்டித் தொடரில் நிலைமை வேறு. அங்கே 32 அணிகள் இருந்தும் ஓர் அணிக்கு 17 ஆட்டங்கள்தாம். யார் யாரைச் சந்திப்பார்கள் என்பதே அணிக்கு அணி மாறும். ஆகவே அங்கே, எதிரணிகள் முந்தைய ஆண்டில் பெற்ற வெற்றி விகிதத்தைக் கூட்டி முழுச் சீசனின் கடினத்தை அளப்பதில் பொருள் இருக்கிறது. பிரீமியர் லீகில் அப்படிக் கூட்டினால் கிடைப்பது ஒன்றுமில்லை. இங்கே கடினம் என்பது வரிசையில் இருக்கிறது: எந்த ஆட்டம் எதற்குப் பின் வருகிறது, எந்த நிலையில் வருகிறது, எத்தனை நாள் ஓய்வுக்குப் பின் வருகிறது என்பதே விஷயம். எஃப்.டி.ஆர். முழுச் சீசனுக்கு ஒரு மதிப்பெண் தராமல் ஆட்டத்துக்கு ஒன்றாகத் தருவது சரியான முடிவு என்று நான் கருதுவது இதனால்தான்.

வரிசை எப்படி ஓர் அணியின் தோற்றத்தையே மாற்றிவிடும் என்பதற்கு 2021-22 சீசனின் தொடக்கத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆர்செனல் முதல் ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டிடம் 2-0 என்று தோற்றது. அடுத்து செல்சியிடம் சொந்த மைதானத்தில் 2-0. அடுத்து மேன்செஸ்டர் சிட்டியிடம் 5-0. மூன்று ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை, பட்டியலின் கடைசி இடம். நாரிச் அணியும் அதே நாட்களில் லிவர்பூலிடம் 3-0, மேன்செஸ்டர் சிட்டியிடம் 5-0, லெஸ்டரிடம் 2-1 என்று தோற்றுப் புள்ளியின்றி நின்றது. நாரிச் சந்தித்த மூன்று அணிகளும் அதற்கு முந்தைய சீசனில் முறையே மூன்றாம், முதலாம், ஐந்தாம் இடங்களைப் பிடித்தவை. ஆர்செனல் சந்தித்தவற்றில் ஒன்று நடப்புச் சாம்பியன், மற்றொன்று அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. நான்காவது வாரத்தில் இந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியபோது ஆர்செனல் 1-0 என்று வென்றது. சீசன் முடிவில் ஆர்செனல் 69 புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தில் இருந்தது. நாரிச் 22 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் இருந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

ஆகஸ்ட் மாத இறுதியில் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே நோயாளிகளாகத் தெரிந்திருக்கும். எதிரணிகளின் பலத்தையும் சேர்த்துப் பார்த்தவருக்கு, தோல்விகளில் பெரும்பகுதிக்கு அட்டவணையே காரணம் என்பதும், எளிய ஆட்டங்கள் வரும்போதுதான் உண்மை தெரியும் என்பதும் புரிந்திருக்கும். அந்த அளவுக்கு எஃப்.டி.ஆர். உதவுகிறது. ஆனால் அதே மூன்று ஆட்டங்களில் அதன் எல்லையும் தெரிகிறது. பிரென்ட்ஃபோர்டு 74 ஆண்டுகளுக்குப் பின் முதல் பிரிவில் ஆடிய முதல் ஆட்டம் அது. வெள்ளிக்கிழமை இரவு, புதிய மைதானம், நிரம்பிய கூட்டம். ஆர்செனலின் முன்னணி வீரர்களான ஒபமயாங்கும் லகசெட்டும் உடல்நலக் குறைவால் ஆடவில்லை. கீழ்ப்பிரிவிலிருந்து வந்த அணி என்பதால் எந்த மதிப்பீட்டு முறையும் அந்தக் கட்டத்தை எளிது என்றே குறிக்கும். களத்தில் அது எளிதாக இருக்கவில்லை.

இந்த மதிப்பீடு உண்மையிலேயே சிறந்து விளங்கும் இடம், நான்கு முதல் ஆறு வாரங்கள் வரையிலான திட்டமிடல். ஃபேன்டஸி ஆட்டத்தில் 15 வீரர்களை 10 கோடி பவுண்டு வரம்புக்குள் எடுக்க வேண்டும், ஓர் அணியிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. அதனால் பணத்தை முன்னணி வீரர்களுக்கு ஒதுக்கிவிட்டு, விலை குறைந்த இரண்டு தற்காப்பு வீரர்களை மாற்றி மாற்றி இறக்குவதே பலரின் வழி. ஒருவருக்குச் சிவப்பு வரும் வாரத்தில் மற்றவருக்குப் பச்சை வருமாறு இரண்டு வரிசைகளைப் பொருத்திப் பார்ப்பதற்கு இந்த நிறக் கட்டங்களைவிட வசதியான கருவி இல்லை. அட்டவணை தயாரிப்பவர்கள் பின்பற்றும் விதிகளும் இதற்குத் துணை செய்கின்றன: எந்த ஐந்து ஆட்டங்களை எடுத்தாலும் இயன்றவரை மூன்று ஒரு பக்கமும் இரண்டு மறுபக்கமுமாகச் சொந்த மைதானமும் வெளி மைதானமும் பிரிந்திருக்க வேண்டும், ஒரே ஊர் அணிகளான லிவர்பூலும் எவர்ட்டனும், மேன்செஸ்டரின் இரண்டு அணிகளும், பொதுவாக ஒரே நாளில் சொந்த ஊரில் ஆடுவதில்லை. ஆகவே ஒரே ஊரின் இரண்டு கோல்கீப்பர்களை வைத்திருப்பவருக்கு, ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் சொந்த மைதானத்தில் ஆடுவார்.

இந்தத் திட்டமிடலில் ஒரே ஓர் எச்சரிக்கை. எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். 2, 2, 5, 5 என்று ஆட்டங்கள் உள்ள அணிக்கும் 4, 3, 4, 3 என்று உள்ள அணிக்கும் கூட்டுத்தொகை 14தான். முதல் அணியின் வீரரை இரண்டு வாரம் இறக்கிவிட்டு இரண்டு வாரம் வெளியே உட்கார வைக்கலாம். இரண்டாம் அணியின் வீரரை எந்த வாரத்திலும் மனநிறைவோடு இறக்க முடியாது. இரண்டும் சமம் என்று எழுதும் ஒப்பீட்டுக் கட்டுரைகளைப் பலமுறை படித்திருக்கிறேன்.

இனிக் குறைகள். முதலாவது, ஓர் அணியின் பலம் சீசனின் நடுவில் மாறிவிடும் வேகத்துக்கு எந்த மதிப்பீடும் ஈடுகொடுப்பதில்லை. தொடர்ந்து நான்கு முறை சாம்பியன் பட்டம் வென்றிருந்த மேன்செஸ்டர் சிட்டியை எதிர்த்து ஆடுவது என்றால் 2024 ஆகஸ்டில் யாரும் மிக அடர்ந்த நிறத்தைத்தான் பூசியிருப்பார்கள், அதில் தவறில்லை. செப்டம்பர் 22 அன்று ஆர்செனலுக்கு எதிரான ஆட்டத்தில் சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரியின் முழங்கால் காயமடைந்தது. நவம்பரில் போர்ன்மவுத், பிரைட்டன், சொந்த மைதானத்தில் 4-0 என்று டாட்டன்ஹாம், டிசம்பர் முதல் நாளில் லிவர்பூல் என்று லீகில் அடுத்தடுத்து நான்கு தோல்விகள். நடுக்களத்தில் ஒரே ஒருவர் இல்லாததால், எதிரணியின் முன்கள வீரர்கள் திறந்த வெளியில் ஓடி வந்ததை அந்த ஆட்டங்களைப் பார்த்த எவரும் கவனித்திருப்பார்கள். அந்த வாரங்களில் சிட்டிக்கு எதிரான முன்கள வீரரைக் களமிறக்கத் தயங்கியவர்கள், பழைய பெயருக்கு அஞ்சினார்கள்.

இதன் மறுபக்கம் நாட்டிங்காம் ஃபாரஸ்ட். 2023-24இல் 17ஆம் இடத்தில் தப்பிப் பிழைத்த அந்த அணி, அடுத்த சீசனில் 65 புள்ளிகளுடன் ஏழாம் இடத்தைப் பிடித்தது. இறுதியில் சாம்பியனான லிவர்பூலை அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் செப்டம்பரிலேயே 1-0 என்று வென்றிருந்தது. மேல்பிரிவுக்கு உயர்ந்து வரும் அணிகளும் இப்படித்தான். 2023-24இல் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட். 2024-25இல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் உயர்ந்து வந்த மூன்று அணிகளும் உடனே இறங்கின. ஆகவே 2025-26இல் புதிதாக வந்தவர்களைப் பச்சையாகவே கருதுவது இயல்பு. அப்படி வந்த சண்டர்லாண்டோ தன் முதல் ஆட்டத்திலேயே வெஸ்ட் ஹாமை 3-0 என்று வென்றது. அக்டோபரில் செல்சியை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தியது. கடந்த ஆண்டின் நினைவைக் கொண்டு இந்த ஆண்டின் ஆகஸ்டை அளப்பதில் உள்ள இடர் இது. எனவே முதல் ஆறு வாரங்களுக்கு நிறங்களைப் பாதி நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறையே என்னைப் பொறுத்தவரை முதன்மையானது. எதிரணி யார், ஆட்டம் எங்கே என்ற இரண்டையும் அந்தக் கட்டம் சொல்கிறது. எப்போது, எந்த நிலையில் என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பிய அணிகளுக்கான இரண்டாம் நிலைத் தொடரான ஐரோப்பா லீகில் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆடும் அணி, ஏறத்தாழ பத்து மணிக்குக் களத்தை விட்டு வெளியேறுகிறது. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு அடுத்த லீக் ஆட்டம் என்றால் இடையில் இருப்பது 64 மணி நேரம், அதில் விமானப் பயணமும் அடக்கம். எதிரே வருவது முந்தைய சனிக்கிழமைக்குப் பின் ஆடாத அணி என்றால் அதற்கு ஏறத்தாழ எட்டு நாள் ஓய்வு. இந்த இரண்டு அணிகளும் அக்டோபரில் சம ஓய்வுடன் மோதினாலும் சரி, டிசம்பரில் இப்படி மோதினாலும் சரி, கட்டத்தில் வரும் எண் அதேதான். ஐரோப்பாவின் முதல்நிலைத் தொடரான சாம்பியன்ஸ் லீகின் முதல் சுற்றில் 2024-25 முதல் ஓர் அணிக்கு ஆறுக்குப் பதில் எட்டு ஆட்டங்கள். அது ஜனவரி வரை நீள்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 முதல் புத்தாண்டு வரை லீக் ஆட்டங்கள் நெருக்கியடிக்கும் இங்கிலாந்து வழக்கத்தின் மேல் இதுவும் ஏறியிருக்கிறது.

ஓய்வு என்பது ரசிகர்கள் தோல்விக்குச் சொல்லும் சாக்கு என்று நினைப்பவர்கள் இரண்டு சாம்பியன்களைப் பார்க்கலாம். 2015-16இல் யாரும் எதிர்பாராமல் பட்டம் வென்ற லெஸ்டருக்கும், அதற்கு அடுத்த ஆண்டு 93 புள்ளிகளுடன் வென்ற செல்சிக்கும் அந்தந்தச் சீசனில் ஐரோப்பிய ஆட்டங்களே இல்லை. லீக் அட்டவணை என்ற அளவில் அவர்களுக்கும் போட்டியாளர்களுக்கும் அதே 38 ஆட்டங்கள்தாம். வாரத்தின் நடுநாட்கள் காலியாக இருந்தன. அவை பயிற்சிக்கும் உறக்கத்துக்கும் கிடைத்தன. இரண்டு அணிகளின் வெற்றிக்கும் வேறு காரணங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலியான புதன்கிழமைகளைக் கணக்கில் சேர்க்காத எந்தக் கடின மதிப்பீடும் முழுமையானதாகாது.

சீசனின் கடைசி மாதத்தில் இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று லிவர்பூல் பட்டத்தை உறுதி செய்தது. அதன்பின் எஞ்சியிருந்த நான்கு ஆட்டங்களில் செல்சியிடம் 3-1 தோல்வி, ஆர்செனலுடன் 2-2, பிரைட்டனிடம் 3-2 தோல்வி, கிரிஸ்டல் பேலஸுடன் 1-1. சீசன் முழுவதிலும் அந்த அணி பெற்ற நான்கு தோல்விகளில் இரண்டு இந்த நான்கு ஆட்டங்களுக்குள் வந்தன. லீகிலேயே மிகச் சிறந்த அணி என்ற அடர்ந்த நிறம் அதன் பெயருக்குப் பொருந்தும்; மே மாதத்து லிவர்பூலுக்கு அது பொருந்தவில்லை. அதே வாரங்களில் டாட்டன்ஹாமும் மேன்செஸ்டர் யுனைடெட்டும் லீகைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஐரோப்பா லீகின் இறுதி ஆட்டத்தை நோக்கியே தங்கள் வீரர்களைக் காத்தன. மே 21 அன்று பில்பாவ் நகரில் டாட்டன்ஹாம் 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. லீகில் 22 தோல்விகளுடன் 17ஆம் இடம். தோற்ற யுனைடெட்டுக்கு லீகில் 15ஆம் இடம். ஓர் அணி எந்த ஆட்டத்துக்காகத் தன் வீரர்களைச் சேமிக்கிறது என்பது செய்தியாளர் சந்திப்பிலேயே வெளிப்படையாகத் தெரியும், எண்ணில் தெரிவதில்லை.

சொந்த மைதானத்தின் பங்கு குறித்து ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சொந்த மைதானத்துக்கும் வெளி மைதானத்துக்கும் வேறு எண் தரும் எஃப்.டி.ஆரின் முறை நியாயமானது. ஆனால் அந்தப் பலன் கல்லில் எழுதியது என்று எண்ணக் கூடாது. பார்வையாளர்கள் பெரும்பாலும் அனுமதிக்கப்படாத 2020-21 சீசனின் 380 ஆட்டங்களில் சொந்த அணிகள் 144 முறை வென்றன, வந்த அணிகள் 153 முறை வென்றன, 83 ஆட்டங்கள் சமனாகின. மைதானத்தின் பலம் என்று நாம் சொல்வதில் புல்லுக்கும் சுவருக்கும் உள்ள பங்கைவிட மக்களுக்கு உள்ள பங்கு பெரிது என்பதை அந்த வெற்றுக் காலரிகள் காட்டிவிட்டன.

மூன்றாவது குறை, ஒற்றை எண். ஓர் அணி கோல் போடுவதில் வலிமையாகவும் தடுப்பதில் பலவீனமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட அணியை எதிர்கொள்ளும்போது நம் தற்காப்பு வீரருக்கு அது மோசமான வாரம். நம் முன்கள வீரருக்கு நல்ல வாரம். இரண்டையும் ஒரே கட்டத்தில், ஒரே நிறத்தில் அடைத்தால் 3 என்ற சாம்பல் நிறம்தான் கிடைக்கும்; அது இருவருக்குமே உதவாது. இதில் எனக்கு வருத்தம் தருவது, தளத்தின் பொதுவில் கிடைக்கும் தரவுக் கோப்பில் ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் பலமும் தற்காப்புப் பலமும், சொந்த மைதானத்துக்கும் வெளி மைதானத்துக்கும் தனித்தனியாக, ஏற்கெனவே எண்களாக இருக்கின்றன என்பதுதான். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அவற்றை எடுத்துத் தங்களுக்கான அட்டவணையைச் செய்துகொள்கிறார்கள். தெரியாதவர்களுக்கு ஒற்றை எண் மட்டுமே.

அதோடு, அணிக்குக் கடினமான ஆட்டம் வீரருக்கும் கடினம் என்று கொள்வதும் பிழை. கோல்கீப்பருக்கு ஒவ்வொரு மூன்று தடுப்புக்கும் ஒரு புள்ளி உண்டு. 2025-26 முதல், தற்காப்பு வீரர் ஒருவர் பந்தை விலக்குதல், மறித்தல், இடைமறித்தல், பறித்தல் ஆகியவற்றை ஓர் ஆட்டத்தில் மொத்தம் பத்து முறை செய்தால் இரண்டு புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. வலிமையான அணிக்கு எதிராக ஒன்றரை மணி நேரம் தன் கோல் பகுதியிலேயே நின்று தலையாலும் காலாலும் பந்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும் நடு தற்காப்பு வீரருக்கு அந்தப் பத்து எளிதில் வந்துவிடும். தன் அணி பந்தை வைத்துக்கொண்டே இருக்கும் பச்சை ஆட்டத்தில் வராமலும் போகலாம். இந்த விதி வந்தபின், விலை குறைந்த தற்காப்பு வீரர்களின் சிவப்புக் கட்டங்களை நான் முன்போல அஞ்சுவதில்லை.

மாற்று வழிகள் என்ன? செஸ் விளையாடும் வீடுகள் நிறைந்த நம் ஊரில் ஈலோ மதிப்பீட்டை அறிமுகம் செய்யத் தேவையில்லை. எதிராளியின் பலத்தையும் ஆட்ட முடிவையும் பொறுத்து மதிப்பெண் ஏறி இறங்கும் ஆர்பாட் ஈலோவின் அந்த முறையைக் கால்பந்து அணிகளுக்கும் பொருத்தி அன்றாடம் புதுப்பிக்கும் தளங்கள் இருக்கின்றன. உலகத் தரவரிசைக்கு ஃபிஃபாவும் 2018 முதல் அதன் ஒரு வடிவத்தையே பயன்படுத்துகிறது. இரு அணிகளுக்கிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால் ஆட்டப் பலனில் (வெற்றி ஒன்று, சமன் பாதி என்ற கணக்கில்) வலிய அணிக்கு எதிர்பார்க்கப்படும் பங்கு ஏறத்தாழ 64 விழுக்காடு, 200 என்றால் 76 விழுக்காடு. ஐந்து நிறங்களுக்குள் அடைபடாத இந்த நுணுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. 3க்குள் இருக்கும் இரண்டு ஆட்டங்களில் எது கொஞ்சம் எளிது என்று இது காட்டிவிடும். ஆனால் ஓய்வும் காயமும் இதிலும் இல்லை. சூதாட்ட நிறுவனங்களின் விகிதங்கள் காயத்தையும் ஓய்வையும் உள்ளடக்கியவை என்பது உண்மை. ஆயினும் இளைஞர்கள் பலர் படிக்கும் இடத்தில் அந்தப் பக்கம் போகச் சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டணச் சேவை ஒன்றையும் ஒரு சீசன் முழுக்கப் பயன்படுத்தினேன். பெயர் இங்கே தேவையில்லை. தாக்குதலையும் தற்காப்பையும் பிரித்துக் காட்டியதால் சந்தா கட்டினேன். டிசம்பரில் ஆட்டங்கள் நாள் மாற்றப்பட்ட வாரத்தில், தொலைக்காட்சிக்காக ஞாயிற்றுக்கு நகர்த்தப்பட்ட ஓர் ஆட்டம் அதன் பக்கத்தில் இரண்டு நாட்கள் வரை சனிக்கிழமையிலேயே இருந்தது. நான் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதிலும் வரவில்லை. நாள் தவறாக உள்ள அட்டவணையின் மீது எத்தனை நுட்பமான எண்ணை வைத்தாலும் பயனில்லை என்று சந்தாவை நிறுத்திவிட்டேன். இலவசமான எஃப்.டி.ஆரை இன்றுவரை நான் விடாததற்கு ஒரு காரணம், அட்டவணையை நடத்தும் லீகின் தளத்திலேயே அது இருப்பதால் நாளும் நேரமும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது என்பதே.

இப்போது நான் செய்வது இதுதான். வாரத்தின் முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை என்றால், இங்கிலாந்தின் கோடைகால நேரப்படி நமக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. அதற்கு 90 நிமிடம் முன்பு, இரவு பதினொரு மணிக்கு, அணி மாற்றங்களுக்கான கெடு முடிகிறது. ஒன்பதரை மணிக்கு ஒரு கோடிட்ட நோட்டை எடுத்து என்னுடைய பதினைந்து வீரர்களின் அணிகளை இடப்பக்கம் எழுதுகிறேன். அடுத்த பத்தியில் எஃப்.டி.ஆர். எண். மூன்றாம் பத்தியில் கடைசி ஆட்டத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் இடைப்பட்ட நாட்கள், எதிரணிக்கும் அதே கணக்கு. ஐரோப்பாவில் வெளியூர் சென்று வந்திருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளிக் குறி. நான்காம் பத்தியில், எதிரணி கடைசி ஆறு ஆட்டங்களில் போட்ட கோல்களும் வாங்கிய கோல்களும் தனித்தனியாக. ஏப்ரலுக்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்கிறது: இந்த ஆட்டத்தின் முடிவு அந்த அணிக்கு இன்னும் எதையாவது மாற்றுமா, மாற்றாதா. நாற்பது நிமிட வேலை. எஃப்.டி.ஆர். எண்ணும் மற்றப் பத்திகளும் ஒத்துப்போகும் வரிகளை அப்படியே விட்டுவிடுகிறேன். ஒத்துப்போகாத வரி ஒவ்வொரு வாரமும் இரண்டோ மூன்றோதான் இருக்கும், அவற்றைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன். மற்ற பன்னிரண்டு வரிகளில் என் வேலையை அந்த இலவச எண்ணே செய்து முடித்திருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

புதிதாக விளையாடத் தொடங்குபவருக்கு எஃப்.டி.ஆர். ஒன்றே போதும், வேறெதையும் தேட வேண்டாம். ஒரு சீசன் அதனுடன் பழகியபின் குறைகள் தாமாகவே தெரியவரும். இரண்டு மூன்று சீசன் கண்டவர்கள் அதை முதல் சல்லடையாக வைத்துக்கொண்டு, ஓய்வு நாட்களையும் தாக்குதல், தற்காப்புப் பிரிவையும் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம். தளத்தை நடத்துபவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. தங்கள் தரவுக் கோப்பில் ஏற்கெனவே உள்ள தாக்குதல், தற்காப்பு எண்களைக் கட்டத்தின் இரு பாதிகளாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கட்டத்தின் கீழே, இரு அணிகளுக்கும் கடந்த ஆட்டத்திலிருந்து எத்தனை நாள் என்பதைச் சிறு எழுத்தில் அச்சிட வேண்டும். இரண்டுக்கும் புதிதாக எதையும் கணிக்கத் தேவையில்லை, தரவுக் கோப்பும் நாட்காட்டியும் போதும். அவை வரும்வரை என் நோட்டின் மூன்றாம், நான்காம் பத்திகளைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருப்பேன்.